ரீல் கேபிளைச் சுற்றலும் பேணலும்

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், அங்கத்தினர்களின் உபயோகத்திற்கென வாங்கி வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்து வரும் சாமான்களில், ரீலில் சுற்றிய கனத்த மின்சாரக் கேபிளும் ஒன்றாகிவிட்டது. கடைவீதியில் இதனை எக்ஸ்டென்ஷன் கேபிள் என்பர். இந்த வாரம் நிலக்கடலை உடைக்கும் இயந்திரத்துக்காகக் களத்துமேட்டுக்குச் செல்லும். அடுத்த வாரம் சோளத்தட்டு நறுக்க ஒருவர் எடுத்துப் போவார். பின்னர் சாயப் பட்டறையில் தண்ணீர் இறைக்கும் சிறு மோட்டாருக்குப் போகும். தீபாவளி நெருங்கினால் துணி விற்பனைப் பந்தலின் விளக்குகளுக்கு வந்து சேரும். மண்வெட்டியின் முனை மழுங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. மருந்து தெளிப்பான் ஒழுகினாலும் தெரிகிறது. கேபிளுக்கு நேர்ந்த ஊறோ மேலுறைக்குள் மறைந்து கிடக்கிறது. முன்னர் எடுத்துச் சென்றவர் செய்த பிழையின் பலனைப் பின்னர் எடுத்துச் செல்பவரே அனுபவிக்க நேரிடுகிறது. இந்தப் பொருளைக் குறித்துத் தனியே ஒரு பாடம் எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணம்.

கேபிளின் உள்ளே இருப்பதை முதலில் அறிந்துகொள்வோம். ஒற்றைப் பேஸ் மின்சாரத்துக்கான கேபிளில் மூன்று கம்பிகள் உள்ளன. பேஸ், நியூட்ரல், எர்த் என்பன அவை. பழைய கேபிள்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிற உறைகளோடும், புதியவற்றில் பழுப்பு, நீலம், மஞ்சள் கோடிட்ட பச்சை உறைகளோடும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே தடித்த கம்பியன்று. மெல்லிய தாமிர இழைகள் பல புரியாகச் சேர்ந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில், 0.25 மில்லிமீட்டர் கனமுள்ள இழைகள் ஏறக்குறைய 50 இருக்கும். கேபிள் வளைந்து கொடுப்பதன் இரகசியம் இதுவே. ஒரே இடத்தில் பலமுறை மடங்கினால் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோவதும் இதனாலேயே.

பேஸ் அல்லது நியூட்ரல் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும். உடனே நாம் எலெக்ட்ரீஷியனை அழைப்போம். எர்த் கம்பி அறுந்தால் ஒன்றும் நிகழ்வதில்லை. மோட்டார் முன்போலவே ஓடும். விளக்கு முன்போலவே எரியும். மோட்டாரின் உட்சுற்று பழுதாகி அதன் இரும்புக் கூட்டில் மின்சாரம் ஏறும் நாள் வரையில் அக்குறை ஒருவருக்கும் புலப்படாது. அந்நாளில் ஈரக்காலோடு நின்று கூட்டைத் தொடுபவரின் உடம்பே எர்த் கம்பியின் வேலையைச் செய்ய நேரிடும்.

இதனை ஏட்டுப் பேச்சாக எழுதவில்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு சங்கத்தில், ஒருநாள் மாலை திரும்பி வந்த ரீலைச் சோதித்தபோது எர்த் கம்பி பிளக்கின் கழுத்தருகே முற்றிலும் அறுந்திருந்தது. கொண்டுவந்தவர், “நன்றாகத்தான் ஓடிற்று, ஐயா” என்றார். அவர் கூறியது உண்மையே. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில், அதற்கு முன்னர் மூன்று அங்கத்தினர் வீடுகளுக்கு அந்த ரீல் சென்று வந்திருந்தது. அவற்றுள் ஒன்று சாயம் தோய்க்கும் பட்டறை. அங்கே தரை ஈரமில்லாத நாளே கிடையாது. எவருடைய கையில் அறுந்தது என்பதை அறிய வழியில்லை. மூவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பதை எண்ணி ஆறுதல் கொண்டேனேயன்றி, அதில் எங்கள் சாமர்த்தியம் யாதொன்றும் இல்லை. பிளக்கைப் பிடிக்காமல் கேபிளைப் பிடித்து இழுத்து இணைப்பைக் கழற்றுவதும், ரீலைக் கைப்பிடியால் தூக்காமல் தொங்கும் கேபிளைப் பிடித்துத் தூக்குவதும் வழக்கமாயிருந்தன. கழுத்து அறுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி, சூட்டைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 50 மீட்டர் கேபிளில் 10 மீட்டரை மட்டும் உருவிக்கொண்டு, எஞ்சிய 40 மீட்டரை ரீலிலேயே விட்டு வேலை செய்வோர் பலர். ‘உருவியது மட்டுமே உழைக்கிறது, சுற்றியிருப்பது சும்மா இருக்கிறது’ என்பது அவர்கள் எண்ணம். அஃது அவ்வாறன்று. மின்சாரம் 50 மீட்டரையும் சுற்றிக்கொண்டே இயந்திரத்துக்குச் செல்கிறது. 50 மீட்டரையும் சுற்றியே திரும்புகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் போகவர 100 மீட்டருக்குத் தடை ஏறத்தாழ 1.33 ஓம். அதில் 10 ஆம்பியர் மின்சாரம் ஓடினால் 133 வாட் சூடாக மாறுகிறது. அதாவது, 60 வாட் குண்டு விளக்குகள் இரண்டு எரிவதற்கும் சற்று மேலான சூடு. விரித்துக் கிடக்கும் கேபிளில் இச்சூடு நெடுகப் பரவிக் காற்றோடு போய்விடும். சுற்றிய ரீலிலோ, அடியடுக்கின் சூட்டை மேலடுக்குகள் போர்வைபோல மூடிக்கொள்கின்றன. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி சென்டிகிரேடு வரையில்தான் நிலையாகத் தாங்கும். அதற்கு மேல் இளகத் தொடங்கி, அடுக்கோடு அடுக்கு ஒட்டி, உள்ளிருக்கும் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. 10 ஆம்பியர் 15 ஆம்பியராயின் சூடு ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகும்.

நல்ல ரீல்களின் பக்கத் தகட்டில் இரண்டு அளவுகள் அச்சிட்டிருப்பதைக் காணலாம். முழுவதும் விரித்தபோது தாங்கும் வாட் ஒன்று. சுற்றியிருக்கும்போது தாங்கும் வாட் மற்றொன்று. இரண்டாவது, பெரும்பாலும் முதலாவதில் மூன்றில் ஒரு பங்களவே இருக்கும். பந்தலில் நாலைந்து விளக்கெரிக்க ரீலைச் சுற்றியபடி வைத்துக்கொள்வதில் தவறில்லை. மோட்டாருக்கானால் கடைசிச் சுற்று வரையில் விரித்துவிட வேண்டும். விரித்ததைக் குவியலாகப் போட்டுச் சாக்கினால் மூடுவதும் ரீலில் விட்டதற்கு ஒப்பானதே. சில ரீல்களில் சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு பொத்தான் உண்டு. அது துண்டித்தால் உடனே அமுக்கி மறுபடி ஓட்டுவது கூடாது; முழுவதும் விரித்து ஆறவிட்ட பின்னரே அமுக்க வேண்டும்.

சுற்றும் முறையைப் பற்றி நெசவாளர்களுக்கு நான் சொல்லித் தருவதைவிட, அவர்கள் எனக்குச் சொல்லித் தந்ததே அதிகம். பரிவட்டத்தில் மாட்டிய சிட்டம் சுழலச் சுழல, நூல் முறுக்கு மாறாமல் வருகிறது. நாடாவுக்குள் இருக்கும் தாரோ சுழல்வதில்லை. ஊடை நூல் அதன் நுனி வழியே உருவிக்கொண்டு வருகிறது. அவ்வாறு வருகையில் ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு நூலில் ஏறும் என்பது தறியில் உட்கார்ந்தவர் அறிந்ததே. மெல்லிய நூலுக்கு அதனால் குறையொன்றுமில்லை. கேபிளுக்கு அது விஷம். ரீலைத் தரையில் படுக்கவைத்து, மேற்புறமாகக் கேபிளை உருவினால் நடப்பது அதுவேதான். சுற்றின் சராசரி விட்டம் 25 சென்டிமீட்டர் என்று கொண்டால், 50 மீட்டருக்கு ஏறக்குறைய 64 சுற்றுகள். ஆகவே 64 முறுக்குகள். முறுக்கேறிய கேபிள் தரையில் நேராகக் கிடக்காது. கண்ணி கண்ணியாகச் சுருளும். அக்கண்ணியைக் காணாமல் இழுத்தால் அது ஒடிந்த மடிப்பாகிவிடும். உள்ளே இழைகள் அறுவது அங்கேதான். ஆதலால் ரீலை நிமிர்த்தி வைத்து, அச்சில் அது தானே சுழலக் கேபிளை எடுக்க வேண்டும். சுற்றும்போதும் ரீலையே சுழற்ற வேண்டும்.

ரீல் இல்லாத கேபிளை, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக மாற்றிச் சுற்றும் பழக்கம் நாடெங்கும் உள்ளது. அதிலும் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறுகிறது. வளைவும் மிகக் குறுகியதாகிவிடுகிறது. கவலை இறைத்த காலத்தில் வடக்கயிற்றை எவரும் முழங்கையில் சுற்றியதில்லை. தரையில் பெரிய வளையமாகவே வைத்தனர். கேபிளைத் தரையில் 8 என்னும் எண்ணின் வடிவில் மாறி மாறிக் கிடத்துவது இன்னும் நல்லது. ஒரு பக்க வளையத்தில் ஏறும் முறுக்கை மறுபக்க வளையம் இறக்கிவிடும். ரீல் வாங்கும்போதும் அதன் நடுத்தண்டைக் கவனிக்க வேண்டும். கேபிளின் கனத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்குக்குக் குறைந்த விட்டமுள்ள தண்டு, விலை மலிவாயிருப்பினும் வேண்டாம். கேபிளின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா என்று பார்த்து வாங்குதல் நலம்.

வேலை முடிந்ததும், சுவரிலுள்ள பிளக்கை முதலில் கழற்றிய பின்னரே கேபிளில் கை வைக்க வேண்டும். மின்சாரம் இருக்கையில் சுற்றத் தொடங்கி, தேய்ந்த இடத்தில் ஈரக்கை பட்டு உயிரிழப்பது இல்லாத செய்தியன்று. பிறகு மறுமுனையிலிருந்து சேற்றைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். துடைக்கும் துணியை இடக்கையில் பிடித்துக் கேபிளை அதனுள் ஓடவிட்டால், உறையில் வெட்டோ கொப்புளமோ இருப்பின் விரலுக்குத் தட்டுப்படும். கண்ணைவிட விரல் இதில் கூர்மையானது. பாவில் அறுந்த இழையைத் தேடியெடுக்கும் விரல்களுக்கு இது பெரிய காரியமன்று. கேபிளைத் தூரத்திலிருந்து தரதரவென்று இழுத்துச் சுற்றாமல், ரீலைத் தூக்கிக்கொண்டு கேபிள் கிடக்கும் திசையில் நடந்து சென்று சுற்றினால் உறை தேயாது. அடுக்குகள் நெருங்கப் படிய வேண்டும்; இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை.

நனைந்த கேபிளை அப்படியே சுற்றி வைத்தல் கூடாது. வெட்டுப்பட்ட இடத்தில் புகுந்த நீர் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிச் செல்லும். தாமிரம் கறுத்துப் போகும். நிழலில் உலர்த்த வேண்டும். நாள் முழுதும் வெயிலில் போட்டால் பி.வி.சி. உறை வெளிறி, நாளடைவில் வெடிக்கும்.

சேமித்து வைக்கும் இடமாக நம் சங்கங்களில் கிடைப்பது பெரும்பாலும் உரக் கிட்டங்கியின் மூலைதான். அதைவிடத் தகாத இடம் வேறில்லை. யூரியாவும் மற்ற உர உப்புகளும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து, பிளக்கின் பித்தளைக் கால்களை அரித்துவிடும். பச்சை பூத்த கால்கள் சாக்கெட்டில் சரியாகப் பொருந்தாமல் சூடேறி, சாக்கெட்டையும் உருக்கும். விதை மூட்டை அடுக்கிய அறையில் வைத்தால் எலிக்கு இரையாகும். எலி பசிக்காகக் கடிப்பதில்லை. வளரும் பல்லைத் தேய்ப்பதற்காகக் கடிக்கிறது. சாயப் பட்டறையில் காஸ்டிக் சோடா வைத்த பக்கமும், டீசல் டின் வைத்த பக்கமும் ஆகா. ரப்பர் உறையாயின் டீசல் பட்டதும் ஊறி உப்பிவிடும். சங்க அலுவலக அறையின் சுவரில் ஆளுயரத்தில் ஒரு தடித்த மரமுளை அடித்து, ரீலை அதில் மாட்டுவதே எளிது. ஆணியில் கேபிளை மட்டும் மாட்டினால், முழுப் பாரமும் ஒரே வளைவில் தொங்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பிக் கேபிள் 50 மீட்டரில் தாமிரம் மட்டுமே ஏறத்தாழ 3 கிலோ 300 கிராம். அந்த அறைக்குப் பூட்டு வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

எடுத்துச் செல்லும்போது, முனைகளை ரீலின் பக்கத் தகட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிள் கைப்பிடியில் மாட்டித் தொங்கவிட்டால் பிளக் சக்கரத்தில் சிக்கும். வண்டியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ ரீல் நிமிர்ந்து நிற்கும்படி வைத்து, இரு புறமும் உருளாமல் கட்டைகொடுத்துக் கட்ட வேண்டும். படுக்கவைத்தால் அடுக்குகள் சரிந்து ஒன்றன்கீழ் ஒன்று புகுந்துகொள்ளும். பிரிக்கையில் இழுபட்டு உறை கிழியும். அதன்மேல் மண்வெட்டி, கொழு, இரும்புக் குழாய் முதலியவற்றை ஏற்றுதல் ஆகாது. மரத்தாலான பெரிய டிரம்மில் சங்கத்துக்குக் கேபிள் வந்தால், அதன் பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். அம்பின் திசையில்தான் உருட்ட வேண்டும். எதிர்த்திசையில் உருட்டினால் சுற்றுகள் தளர்ந்துவிடும். லாரியிலிருந்து கீழே தள்ளாமல் பலகை சாய்த்து இறக்க வேண்டும்.

திரும்பி வந்த ரீலைச் சோதிப்பதற்கு ஒரு டார்ச் செல்லும் சிறு பல்பும் இரண்டு துண்டுக் கம்பியும் போதும். இரு முனைகளும் மின்சாரத்திலிருந்து விலகியுள்ளன என்று நிச்சயித்துக்கொண்டு, பிளக்கின் பெரிய கால் ஒரு முனையாகவும், சாக்கெட்டின் எர்த் துளை மறுமுனையாகவும் இணைத்தால் பல்பு எரிய வேண்டும். இணைத்தபடியே பிளக்கின் கழுத்தையும் சாக்கெட்டின் கழுத்தையும் அசைத்துப் பார்க்க வேண்டும். பல்பு மினுக்கினால் கேபிளைக் கொடுக்கக் கூடாது. ஆயினும் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 50 இழைகளில் 49 அறுந்து ஒன்று மிஞ்சினாலும் இந்தச் சிறு பல்பு எரியும். ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மீட்டரில் அளக்கச் செய்ய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவி பொருத்திய இணைப்பிலிருந்தே ரீலுக்கு மின்சாரம் எடுப்பது, எர்த் அறுந்திருந்தாலும் ஓரளவு காக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறையும் அமுக்கிப் பார்த்துவிட்டே வேலை தொடங்க வேண்டும்.

சங்கத்தின் புத்தகத்தில் தேதி, அங்கத்தினர் எண், எந்த இயந்திரத்துக்கு என்ற விவரம், திரும்பிய தேதி ஆகியவற்றோடு, “முழுதும் விரித்துப் பார்த்தது”, “எர்த் சோதித்தது” என இரு பத்திகள் கூடுதலாக வேண்டும். அவற்றில் கையெழுத்திடுபவர் சங்கத்துச் சிப்பந்தியும் திருப்பித் தருபவரும் ஆகிய இருவர். பழுதென்று கண்ட ரீலில் சீட்டுக் கட்டித் தொங்கவிடுதல் போதாது. அறுவடை அவசரத்தில் சீட்டை அவிழ்த்துவிட்டு எடுத்துச் செல்வோர் உண்டு. பிளக்கை வெட்டி எடுத்துச் செயலாளரின் மேஜை அறையில் வைத்துவிட வேண்டும்.