பாட்டு கேட்கிறது, சொல் விளங்கவில்லை: ஹெட்போனில் ஈக்வலைசரை அமைத்துக்கொள்ளும் முறை

டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கும், கீமோதெரபி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை காத்திருப்பவருக்கும் பாட்டு பெருந்துணையாக இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்மூடி அமர்ந்திருக்கும் நோயாளிகளை நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் சிலர் செவித்திறன் பிரிவில் எங்களிடம் கூறும் குறை ஒன்றே: "பாட்டுச் சத்தம் நன்றாகவே கேட்கிறது, சொற்கள்தாம் விளங்கவில்லை." அதற்கு அவர்கள் தாமே கண்ட தீர்வு ஒலியளவைக் கூட்டுவது. அத்தீர்வு பெரும்பாலும் பயன் தருவதில்லை. எஞ்சியிருக்கும் செவித்திறனையும் அது கெடுக்கக்கூடும். கைப்பேசியில் உள்ள ஈக்வலைசரை அறிந்து பயன்படுத்தினால், ஒலியளவைக் கூட்டாமலே பலருக்குச் சொற்கள் தெளிவுபடும்.

இளம் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிடார் ஆகியவற்றின் ஆழ்ந்த ஒலிகள் இவ்வரிசையின் கீழ்ப்பகுதியில் உள்ளன. பாடகர் குரலில் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அமைகிறது. ஆனால் 'முத்து', 'முட்டு', 'முக்கு' என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்திக் காட்டும் மெய்யொலிக் குறிப்புகளில் பெரும்பகுதி அதற்கு மேலே, மிக மெல்லியதாக வருகிறது. முதுமையால் வரும் செவித்திறன் குறைவும், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளால் வரும் குறைவும் மேல்பகுதியில்தான் தொடங்குகின்றன. ஆகவே தாளமும் உயிரொலியும் வந்து சேர்கின்றன; மெய்யொலிகள் வழியிலேயே நின்றுவிடுகின்றன. ஒலியளவைக் கூட்டினால் தாளமும் உடன் கூடுகிறது. உரத்த கீழொலி மெல்லிய மேலொலியை மறைப்பது செவியின் இயல்பு என்பதால், கூட்டக் கூட்டச் சொல் இன்னும் மங்குவதும் உண்டு.

ஈக்வலைசர் இவ்வொலி வரிசையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றவும் இறக்கவும் இடம் தருகிறது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 60, 230, 910, 3,600, 14,000 ஹெர்ட்ஸ் என ஐந்து பகுதிகள் இருக்கும். 'ராக்', 'ஜாஸ்', 'பாப்' என்று ஆயத்தமாக வரும் அமைப்புகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அப்பெயர்கள் இசையின் வகையைக் குறிக்கின்றனவே அன்றி, கேட்பவர் செவியைப் பற்றி எதையும் அறியா.

எல்லாப் பகுதிகளையும் சுழியத்தில் நிறுத்தித் தொடங்குக. சோதனைக்கு மனப்பாடமான பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விட்டுப்போன சொல்லை நினைவு தானே நிரப்பிவிடும். இதுவரை கேட்டிராத பாட்டோ, செய்தி வாசிப்போ பொருத்தமானது. ஒலியளவைப் பாதியிலோ அதற்குக் கீழோ வைத்துக்கொள்ளவும். முதற்கண் இறக்க வேண்டியதை இறக்குவதே முறை: 60, 230 ஆகிய இரண்டையும் 3 அல்லது 4 டெசிபல் இறக்கவும். இது ஒன்றே போதும் என்று சொல்லிச் செல்பவர்கள் உண்டு. போதாவிடில் 3,600 ஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபல் ஏற்றவும். தொடக்கத்தில் ஒலி சற்றுக் கூர்மையாகத் தோன்றும். உடனே முடிவு செய்யாமல் இரண்டு மூன்று நாள் அவ்வாறே கேட்டுப் பார்த்து, தேவையானால் இன்னும் சிறிது ஏற்றலாம். 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 'ச', 'ஸ' ஒலிகள் காதைக் குத்தினால் ஏற்றியது மிகை என்று பொருள்.

14,000 ஹெர்ட்ஸ் பகுதியைத் தொடவே வேண்டியதில்லை. முதியோர் செவிக்கு அங்கே பெரும்பாலும் எதுவும் எட்டாது. பழைய ஒலிப்பதிவுகளிலும் அங்கே இசை இராது. 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படப் பாடல்களுக்கு அப்பகுதியை ஏற்றினால் மிகுவது இரைச்சல்தான்.

செவித்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் குறைவு காட்டினால், ஈக்வலைசரிலும் 40 ஏற்றலாமா என்று சிலர் வினவுகின்றனர். கூடாது. உட்காதின் மயிர்ச்செல்கள் சிதைந்த செவிக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் சற்றே உரத்தால் அதே ஒலி பொறுக்க முடியாததாகிவிடும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் வலிக்கத் தொடங்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கியிருப்பதே காரணம். மயிர்ச்செல்கள் முற்றிலும் அழிந்த பகுதியில் எவ்வளவு ஏற்றினாலும் தெளிவு பிறப்பதில்லை. அத்தகையோர் ஈக்வலைசரோடு போராடாமல், காதொலிக் கருவி பற்றி எங்களிடம் பேச வருவது நல்லது.

செவி நலமாக இருப்போருக்கு வேறொரு சிக்கல். ஒலியளவைக் குறைத்தவுடன் இசை சப்பென்று ஆகிறது என்பர். ஒலி குறையும்போது கீழொலிகள் மற்றவற்றைவிட விரைவாக மங்குகின்றன என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர்கள் 1933-லேயே அளந்து காட்டினர். முதலில் இயர்போனின் ரப்பர் முனை காதில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்க்கவும். இடைவெளி வழியே கசிந்துபோவது கீழொலியே. பொருத்தம் சரியாக இருந்தும் குறை தோன்றினால், 60 ஹெர்ட்ஸ் பகுதியை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். ஒட்டுமொத்த ஒலியளவைக் கூட்டுவதைவிட இது மேல்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. சிறுவர்க்கு 75 டெசிபலே எல்லை. ஈக்வலைசரில் ஏற்றுவதும் இக்கணக்கில் சேரும் என்பதை நினைவிற் கொள்ளவும்.

சிஸ்பிளாட்டின், அமிகாசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளைப் பெறுவோருக்கு இன்னும் கண்டிப்பு தேவை. இம்மருந்துகள் உட்காதைப் பாதிக்கக்கூடியவை. உரத்த ஒலி அப்பாதிப்பை மிகுவிக்கக்கூடும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; நோய்க்கு அது இன்றியமையாதது. சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பின் சில மாதங்கள் வரையும் தாழ்ந்த ஒலியிலேயே கேட்கவும். சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் செவித்திறன் சோதனை செய்துகொள்ளவும். காதில் புதிதாக இரைச்சல் தோன்றினாலோ, நேற்று வைத்த ஒலியளவு இன்று போதாததாகத் தோன்றினாலோ, ஈக்வலைசரைத் திருத்த முற்படாமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ அன்றே கூறவும்.

ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்தால் ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்டிப் பார்க்கவும். குறை மறு காதுக்கு மாறினால் பழுது கருவியில். அதே காதிலேயே நின்றால் பழுது காதில். அது வெறும் குரும்பியாகவும் இருக்கலாம். ஆனால் ஓரிரு நாளில் திடீரென ஒரு காது மங்குவது அவசரநிலை. தொடக்க நாட்களில் சிகிச்சை பெற்றால்தான் மீளும் வாய்ப்பு மிகுதி. ஒரு காதில் நெடுங்காலமாகவே கேளாதோர், கைப்பேசியின் அணுகல் வசதிப் பகுதியில் 'மோனோ ஆடியோ'வை இயக்கினால், இரு பக்க இசையும் நல்ல காதுக்கே வந்துசேரும்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்குச் சில. பேரன் தன் காதுக்கு இனிக்கும்படி பேஸைக் கூட்டி வைத்த கைப்பேசியைத் தாத்தாவிடம் கொடுப்பதை வார்டில் அடிக்கடி காண்கிறோம்; கேட்கப்போகிறவரே சொல்லச் சொல்ல அமைப்பது முறை. ஒருவர் காதில் வைத்த இயர்போனை மற்றவர் பயன்படுத்தலாகாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஹெட்போனை மார்பின்மேல் தொங்கவிடவோ சட்டைப் பையில் வைக்கவோ கூடாது. அதில் காந்தம் உள்ளது; 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். செவிலியர் அழைப்பது கேட்கிறதா என்று ஒருமுறை பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கவும். பொருந்திய அமைப்பின் எண்களை ஒரு தாளில் குறித்து, அடுத்த செவித்திறன் சோதனைக்கு வரும்போது கொண்டுவரவும். வரைபடத்தோடு ஒப்பிட்டு, வேண்டிய திருத்தத்தைச் சொல்கிறோம்.