கஞ்சா அனுமதியும் தொழிலாளர் வேலையும்

அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் மாநில வாக்காளர்கள், வயது வந்தோர் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதிக்க 2012-ஆம் ஆண்டில் வாக்களித்தனர். கனடா 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுவதும் அதனை அனுமதித்தது. வரி வருவாய், கள்ளச் சந்தை ஆகியன பற்றி நிறையவே பேசப்பட்டுள்ளது. ஆனால், சட்டம் தடுக்காத ஒன்றை ஓய்வு நேரத்தில் செய்த தொழிலாளியை வேலையினின்று நீக்கலாமா என்ற கேள்வி எளிதில் தீர்வதாயில்லை.

கொலராடோ உச்ச நீதிமன்றம் 2015-இல் இதற்கு விடையளித்தது. ஓய்வு நேரத்தில் சட்டப்படியான செயலில் ஈடுபட்டதற்காக ஊழியரை நீக்கலாகாது என்பது அம்மாநில விதி. எனினும், மாநில அனுமதியுடன் நோய்க்காகக் கஞ்சாவைப் பயன்படுத்திய ஊழியரின் நீக்கம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. மத்திய சட்டம் அதனைத் தடை செய்திருந்தமையே காரணம்.

சிக்கலின் வேர் சட்டத்தைக் காட்டிலும் சோதனை முறையிலேயே இருக்கிறது. மது அருந்தியவரின் மூச்சைச் சோதித்தால் அவரது அப்போதைய நிலை ஏறத்தாழப் புலப்படும். கஞ்சாவுக்கான சிறுநீர்ச் சோதனையோ, உடலில் அது சிதைந்தபின் எஞ்சும் பொருளையே காட்டுகிறது. போதை சில மணி நேரத்தில் தணிந்துவிடும். எச்சமோ பல நாட்கள், நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் வாரக்கணக்கிலும், தங்கும். சனிக்கிழமை இரவில் புகைத்தவர் அடுத்த புதன்கிழமை தெளிவுடன் பணியாற்றினும் சோதனையில் தவறக்கூடும். இரத்தத்தில் காணும் அளவும் மயக்கத்தின் அளவை நம்பத்தக்கவாறு உணர்த்துவதில்லை.

ஆயினும், பாரந்தூக்கியை இயக்குபவரின் ஒரு கணத் தடுமாற்றம் கீழே நிற்பவரின் உயிரைப் பறிக்கலாம் என்பதை எந்த நிர்வாகமும் புறக்கணிக்க இயலாது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் இரண்டையும் கருதுகிறது. போதை தராத எச்சம் மட்டும் தென்பட்டதற்காக ஊழியரைத் தண்டிக்கலாகாது என்கிறது. கட்டுமானத் தொழிலாளருக்கு இப்பாதுகாப்பு இல்லை. பணியின் ஆபத்திற்கேற்ப விதி வகுப்பது நியாயமே. எனினும் எச்சத்தை விடுத்து நடை, பேச்சு, கவனம் ஆகியவற்றைக் கொண்டு மயக்கத்தைத் தீர்மானிப்பதாயின், மேற்பார்வையாளரின் சொல்லே ஆதாரமாகிவிடும். பயிற்சியற்றவரிடம் அவ்வதிகாரம் பழிதீர்க்கும் கருவியாகலாம். தொழிற்சங்கங்கள் இதில் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூங்கொத்தையும் பிசினையும் கட்டுப்படுத்துகிறது. தனித்த இலை அந்த வரையறைக்குள் வராததால், பாங்கு சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. ஊர்தி ஓட்டுவோரின் இரத்தத்தில் மது 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமை மீறலாகாது என மோட்டார் வாகனச் சட்டம் வரையறுத்துள்ளது. போதைப் பொருளுக்கோ, ஊர்தியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலை என்று மட்டுமே அது கூறுகிறது.