பின்சில்லு அச்சின் நட்டு: அளவறிந்து இறுக்கும் முறையும் சட்டப் பொறுப்பும்

குளிர்காலம் முழுவதும் கூரையின்கீழ் நிறுத்தி வைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மீண்டும் வீதிக்கு வருகின்றன. பருவகால இலக்கத்தகடு பெற்ற வாகனங்களிற் பலவும் இம்மாதங்களிலேயே ஓட்டத்தைத் தொடங்குகின்றன. தளர்ந்த சங்கிலியைச் சீர்செய்வதும் தேய்ந்த பின்டயரை மாற்றுவதும் இக்காலத்தில் வழக்கமாக நடைபெறும் வேலைகள். பெரும்பாலான சங்கிலி வாகனங்களில் இவ்விரண்டிற்கும் பின்சில்லு அச்சின் நட்டைத் தளர்த்த வேண்டியுள்ளது. தளர்த்தப்பட்ட அந்த நட்டு மீண்டும் எவ்வாறு இறுக்கப்பட வேண்டும், அது தவறினால் பொறுப்பு யாரைச் சாரும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நட்டு செய்யும் வேலை

பின்சில்லின் நடுவே ஓர் உருக்கு அச்சு ஊடறுத்துச் செல்கிறது. சில்லைத் தாங்கும் இரு கரங்களும், இடையிலுள்ள குழாய்களும், பேரிங்குகளின் உள்வளையங்களும் அந்த அச்சில் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. வரிசையின் முடிவில் இருப்பது நட்டு. அச்சு நழுவி விழாதபடி தடுப்பதே அதன் வேலை என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் வேலை இதனினும் பெரிது. நட்டை இறுக்கும்போது அச்சு மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அச்சின் இழுவிசையே எல்லாப் பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த அழுத்தம் குறைந்தால் பாகங்கள் சிறிது சிறிதாக அசையத் தொடங்கும். வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் சங்கிலி சில்லை ஒரு பக்கமாக இழுக்கும். அதிர்வினால் நட்டு மேலும் தளரும். அழுத்தம் அளவுக்கு மீறினாலோ, மரை சிதையும். அல்லது அச்சு திரும்பிச் சுருங்க முடியாத அளவுக்கு நீண்டுவிடும். அவ்வாறு கெட்டுப்போன நட்டு வெளிப்பார்வைக்கு இறுக்கமாகவே தோன்றும். எனவே, குறைந்த இறுக்கத்தைப் போலவே மிகுந்த இறுக்கமும் ஆபத்தானது.

2015 ஆம் ஆண்டின் படிப்பினை

மிகுந்த இறுக்கத்தின் ஆபத்துக்கு ஜெர்மனியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெர்லினில் மோட்டார் சைக்கிள்களைத் தயாரிக்கும் பி.எம்.டபிள்யூ நிறுவனம், 2015 ஆம் ஆண்டில் தனது பழைய மாதிரிகள் பலவற்றைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 43,000க்கும் அதிகமான வாகனங்கள் இதில் அடங்கின. அவ்வாகனங்களில் பின்சில்லு ஒற்றை நட்டினால் அன்றி, பல மரையாணிகளால் ஒரு வட்டத் தட்டில் பொருத்தப்பட்டிருந்தது. சில்லைக் கழற்றி மாட்டும்போது மரையாணிகளை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியத்தாலான அத்தட்டில் வெடிப்பு ஏற்படக்கூடும் என்பதே கண்டறியப்பட்ட குறை. பின்னர் உருக்கினாலான தட்டு பொருத்தப்பட்டது. அமைப்பு வேறாயினும் படிப்பினை ஒன்றே: “இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது” என்னும் எண்ணம் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை.

அளவு எங்கே குறிக்கப்பட்டுள்ளது?

இறுக்கத்தின் அளவு நியூட்டன் மீற்றர் என்னும் அலகினாற் குறிக்கப்படுகிறது. பயனர் கையேட்டிலோ பழுதுபார்ப்புக் கையேட்டிலோ ‘அன்சுக்ஸ்-ட்ரேமோமென்ட்’ என்னும் சொல்லின்கீழ் அதனைக் காணலாம். நடுத்தர மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்னச்சு நட்டுக்கான அளவு 100 நியூட்டன் மீற்றரை ஒட்டி அமைகிறது. அரை மீற்றர் நீளமான ஸ்பானரின் முனையில் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் விசை அது. எனினும் மாதிரிக்கு மாதிரி இவ்வளவு மாறும். அயலவரின் வாகனத்துக்குரிய அளவைத் தம் வாகனத்துக்குக் கொள்ளலாகாது.

இவ்வளவைக் கைப்பழக்கத்தால் அறிய முடியாது. குறுகிய ஸ்பானரைப் பயன்படுத்துபவர் குறைவாகவும், குழாய் செருகி நீட்டிய ஸ்பானரைப் பயன்படுத்துபவர் மிகையாகவும் இறுக்கிவிடுவர். இதற்கென உள்ள கருவி ‘ட்ரேமோமென்ட்-ஸ்லுசல்’ எனப்படும் அளவு ஸ்பானர். வேண்டிய அளவுக்கு அதனைத் திருப்பி வைத்து இறுக்கினால், அவ்வளவை எட்டியதும் ‘கிளிக்’ என்னும் ஒலி கேட்கும். அத்துடன் நிறுத்த வேண்டும். இக்கருவியால் நட்டைக் கழற்றக்கூடாது. வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்த எல்லைக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

இறுக்கும் ஒழுங்கு

1. வாகனத்தை உறுதியான தாங்கியில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துத் திறப்பை எடுத்துவிட வேண்டும். இயந்திரம் இயங்கும்போது சங்கிலியைத் தொடுவது விரலை இழக்கச் செய்யும்.

2. நட்டில் பிளவு ஆணி இருப்பின் அதனை அகற்றியபின் நட்டைத் தளர்த்த வேண்டும். ஜெர்மன் மொழியில் ‘ஸ்ப்ளிண்ட்’ எனப்படும் இவ்வாணி ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கது.

3. சங்கிலியின் தளர்வை இரு பக்கத் திருகாணிகளாலும் சம அளவிற் சீர்செய்து, கரங்களிலுள்ள குறிகள் இரண்டும் ஒத்திருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். குறிகள் ஒவ்வாவிடில் சில்லு கோணலாக நிற்கும்.

4. அச்சின் மறுமுனையை இன்னொரு ஸ்பானரால் அசையாது பிடித்துக்கொண்டு, கையேடு குறிக்கும் அளவுக்கு நட்டை இறுக்க வேண்டும். கையேடு கூறினாலன்றி மரைக்கு எண்ணெயோ கிரீஸோ பூசலாகாது. வழுக்கும் மரை, அதே அளவிலும் அச்சை மிகையாக நீளச் செய்யும்.

5. கிரீட வடிவ நட்டாயின் புதிய பிளவு ஆணியைச் செருகி அதன் முனைகளை மடக்க வேண்டும். துளைகள் நேர்படாவிடில் அடுத்த பள்ளம் வரை சிறிது முன்னோக்கித் திருப்பலாம், பின்னோக்கித் தளர்த்தலாகாது. தானே பூட்டிக்கொள்ளும் நட்டாயின் கையேடு கூறும்போது புதியதை இடவேண்டும்.

6. சங்கிலித் தளர்வை மீண்டும் அளந்து, சில்லைக் கையால் சுழற்றி, பிரேக் மிதியைப் பலமுறை அழுத்திப் பார்த்த பின்னரே வீதியில் இறங்க வேண்டும். நட்டின்மீதும் கரத்தின்மீதும் தொடர்ச்சியாக ஒரு வண்ணக்கோடு இட்டுவைத்தால், நட்டு நகர்ந்திருப்பது ஒரே பார்வையிற் புலப்படும்.

சட்டம் கூறுவது

வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதியின் 23ஆம் பிரிவின்படி, வாகனம் பாதுகாப்பான நிலையில் உள்ளதை உறுதிப்படுத்தும் கடமை ஓட்டுநரைச் சாரும். வாகன அனுமதி ஒழுங்குவிதியின் 31ஆம் பிரிவு இதே போன்றதொரு கடமையை உரிமையாளர்மீதும் சுமத்துகிறது: பாதுகாப்பற்றதென அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய வாகனத்தை மற்றவர் ஓட்ட அவர் இடமளிக்கக்கூடாது. எனவே மகனுக்கோ நண்பருக்கோ வாகனத்தைக் கொடுப்பவர், ஓட்டுபவர் தாமல்லர் என்று கூறி விலகிவிட முடியாது.

மோட்டார் சைக்கிள்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ட்யூஃப், டெக்ரா போன்ற நிறுவனங்களில் பிரதான பரிசோதனைக்கு உட்படுகின்றன. ஆனால் அப்பரிசோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். மறுவாரம் சங்கிலியைச் சீர்செய்யத் தளர்த்தப்பட்ட நட்டுக்கு அது உத்தரவாதம் அன்று.

மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகமுடைய மொப்பெட்டுகளும் சிறு ஸ்கூட்டர்களும் காப்புறுதி இலக்கத்தகட்டுடன் ஓடுகின்றன. அவற்றுக்குப் பிரதான பரிசோதனை இல்லை. 2021 முதல் ஜெர்மனி முழுவதிலும் 15 வயதிலேயே இவற்றுக்கான ‘ஆ-எம்’ வகைச் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெறலாம். ஆகவே இளையோர் ஓட்டும் இவ்வாகனங்களின் சில்லுகளை எந்தப் பரிசோதகரும் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. ஸ்கூட்டர்கள் பலவற்றில் பின்சில்லு நடுவிலுள்ள ஒரே நட்டினாற் பிணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பெற்றோர் கருத்திற் கொள்ள வேண்டும்.

விபத்து நேரிட்டால், கட்டாயக் காப்புறுதி பாதிக்கப்பட்ட மூன்றாந் தரப்பினருக்கு இழப்பீடு வழங்கும். எனினும் வாகனம் பாதுகாப்பற்றதென அறிந்தே ஓட்டப்பட்டிருந்தால், காப்புறுதி நிறுவனம் தான் வழங்கிய தொகையில் 5,000 யூரோ வரை காப்புறுதி பெற்றவரிடம் திரும்பக் கோர இயலும்.

வேலையை ஒப்படைக்கும்போது

அளவு ஸ்பானரோ கையேடோ இல்லாதவர், வேலையைப் பதிவுபெற்ற இருசக்கர வாகனப் பட்டறையிடம் ஒப்படைப்பதே தக்கது. செய்த வேலை விவரமாகக் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். வேலை குறைபாடுடையதாயின், அதனை மேலதிகக் கட்டணமின்றிச் சீர்செய்யுமாறு முதலிற் கோரும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

நண்பர் கைம்மாறின்றிச் செய்யும் உதவி சட்டவிரோதமன்று. ஆனால் வரியைத் தவிர்க்கும் நோக்குடன், பற்றுச்சீட்டின்றிப் பணம் கொடுத்துச் செய்விக்கும் வேலை வேறு. இருதரப்பும் அறிந்து அவ்வாறு செய்த ஒப்பந்தம் செல்லாது என்றும், வேலையிற் குறை இருந்தாலும் வாடிக்கையாளர் உரிமை கோர முடியாது என்றும் கூட்டாட்சி நீதிமன்றம் 2013 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. அவ்வாறு மிச்சப்படுத்தும் சில யூரோக்களுடன் சட்டப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

வளைவுகளில் வாகனத்தின் பின்பகுதி அலைவது, வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் பின்புறத்தில் ‘டக்’ என்னும் ஒலி எழுவது, சங்கிலித் தளர்வு திடீரென மாறுவது, வண்ணக்கோடு முறிந்து காணப்படுவது, பிளவு ஆணி இல்லாதிருப்பது ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். “வீடு வரை மெதுவாகப் போகலாம்” என்று எண்ணலாகாது. நட்டை அளவாக இறுக்கச் சில நிமிடங்களே தேவை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அதனை ஒருமுறை கண்ணாற் பார்க்கச் சில நொடிகளே போதும்.