ஒரு பிள்ளைக்கு மட்டும் அங்கி எடுக்காதீர்கள்

தாராசுரத்தில் எந்தக் கதையைச் சொன்னாலும் அது துணியில் வந்து நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை வேதாகம வகுப்பில், அப்பா யாக்கோபு பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் எடுத்துக் கொடுத்த பலவருண அங்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஊர்ப் பிள்ளைகள் என்றால் அண்ணன்மார் அவனைப் போட்ட குழியைப் பற்றிக் கேட்பார்கள். பாம்பு இருந்ததா, எவ்வளவு ஆழம் என்று. இங்கே தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மத்த பேருக்கெல்லாம் எடுக்கலையா சார்?"

யாக்கோபின் குடும்பம் எந்த இடத்தில் கெட்டது என்பதை அவள் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள். அன்று கரும்பலகையைச் செய்யக்கூடாதவை, செய்ய வேண்டியவை என்று இரண்டாகப் பிரித்து எழுத ஆரம்பித்தோம். வீட்டுக்கு வந்து கூட்டியும் திருத்தியும் எழுதியது இது. பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம் சேர்ந்துவிட்டது. ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கும் ஊர் இது. பக்தர்களின் கதையை வைத்து வாழ்க்கையைப் பேசுவது இங்கே யாருக்கும் புதிதில்லை.

செய்யக்கூடாதவை

ஒரு பிள்ளைக்கு மட்டும் எடுக்காதீர்கள். அந்த அங்கியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு நீளக் கை வைத்த அங்கி என்றும் பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் விஷயம் நிறத்தோடு நிற்கவில்லை. கை நீண்ட அங்கியைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்க முடியுமா? குழித்தறியில் உட்கார்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். இவனுக்கு வேலை கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு என்று அப்பா துணியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் ஓரவஞ்சனை என்றால் என்னவென்று யாக்கோபுக்குத் தெரியும். அவர் வளர்ந்த வீட்டில் அப்பாவுக்குப் பெரியவன் ஏசா செல்லம், அம்மாவுக்கு இவர். அண்ணன் உடுப்பைப் போட்டு, கையில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு, கண் மங்கிய அப்பாவை ஏமாற்றினார். பிற்காலத்தில் பிள்ளைகள் யோசேப்பின் அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து அவரையே ஏமாற்றினார்கள். இரண்டு தடவையும் ஓர் உடுப்பு, ஓர் ஆடு.

பெரிய கனவு கண்டால் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள். அண்ணன்மாரின் அரிக்கட்டுகள் தன் அரிக்கட்டை வணங்கியதாகப் பதினேழு வயதில் யோசேப்பு சொன்னான். கனவு பலித்தது உண்மைதான். ஆனாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் மார்க் பட்டியலைப் போடுவதற்கு முன் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

பிள்ளை இல்லாதவளிடம் சாடை பேசாதீர்கள். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷா வருஷம் சீலோவுக்குப் பலியிடப் போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்துவாள், அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். புருஷன் வந்து, பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கேட்டான். நல்ல மனுஷன்தான், பேசத் தெரியவில்லை. வளைகாப்புக்கு அழைத்தால் வருத்தப்படுவாளோ என்று நாமே முடிவு செய்து ஒருத்தியை விட்டுவிடுவதும் இதில்தான் சேரும்.

பிள்ளையால் யாருக்கு நஷ்டமோ அவர் கையில் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். இதற்கு வேதாகமம் வரை போக வேண்டாம், தஞ்சாவூர் போதும். 1787-இல் மன்னர் துளஜா இறக்கும் தறுவாயில், தத்தெடுத்த பிள்ளை சரபோஜியைப் பாதிரியார் சுவார்ட்ஸ் கையில் ஒப்படைக்க விரும்பினார். பையனுக்கு அப்போது ஏறக்குறைய பத்து வயது. அந்தப் பொறுப்பு பாதிரிக்கு அடுக்காது என்று நினைத்த சுவார்ட்ஸ், மன்னரின் தம்பி அமர்சிங்கைக் காட்டினார். சித்தப்பாதானே என்ற நம்பிக்கை. தத்து செல்லாது என்று சொல்லி அமர்சிங் தானே அரியணையில் உட்கார்ந்தார், பையன் அடைபட்டுக் கிடந்தான். தன் யோசனையின் பலனைப் பார்த்த சுவார்ட்ஸ் அதோடு கைகழுவிவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு எழுதி, வாதாடி, பையனைச் சென்னைக்குக் கொண்டுபோகச் செய்து படிக்க வைத்தார். 1798 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே ஆண்டு சில மாதம் கழித்துத்தான் சரபோஜி அரியணை ஏறினார். தஞ்சையில் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள தேவாலயத்தில், சரபோஜி இங்கிலாந்தில் செய்வித்துத் தருவித்த சலவைக்கல் சிற்பம் இன்றும் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி நிற்பது சரபோஜிதான். கடைசிவரை இந்துவாகவே இருந்த அரசர்.

செய்ய வேண்டியவை

பாகம் பிரிக்கும்போது இளையவரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் சகோதரன் மகன் லோத்தின் மேய்ப்பருக்கும் சண்டை வந்தது. பெரியவர் ஆபிரகாம். அவர் கைகாட்டுவதுதான் முறை. அவரோ, நீ இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் போகிறேன் என்று விட்டுக்கொடுத்தார். லோத்து தண்ணீர் ஓடும் யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். அரசலாற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று விளக்க வேண்டியதில்லை. தலைமடையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் கடைமடையை வைத்துக்கொள்வது மாதிரி.

எங்கள் வீட்டிலும் பாகம் நடந்தது. வாய்க்காலை ஒட்டிய ஒன்றரை மா தம்பிக்குப் போயிற்று. சரி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு பல வருஷம் அந்தத் துண்டைப் பார்க்காத மாதிரி நடந்துபோவேன், ஆனால் அதில் எத்தனை மூட்டை விளைந்தது என்பது அத்துப்படி. கை விட்டுக்கொடுத்தது, கண் விடவில்லை. லோத்தின் ஊர் பிறகு அழிந்ததே, அதைப் போல ஏதாவது நடக்காதா என்று காத்திருக்கிறவன் கடவுளை நம்புகிறவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. லோத்தைப் பகைவர் சிறைபிடித்தபோது ஆபிரகாம் 318 ஆட்களைக் கூட்டிக்கொண்டு இராத்திரியில் போய் மீட்டுவந்தார். அந்த அத்தியாயத்தை நான் வெகு காலம் வகுப்பில் எடுக்கவே இல்லை.

கிணற்றைத் தூர்த்தால் அடுத்ததைத் தோண்டுங்கள். ஆபிரகாமின் மகன் ஈசாக்கு விதைத்தான், நூறு மடங்கு விளைந்தது. அங்கிருந்த பெலிஸ்தருக்குப் பொறாமை. அவன் அப்பா காலத்துக் கிணறுகளை மண் போட்டு மூடினார்கள். அவன் இடம் மாறி ஒரு கிணறு வெட்டினான், சண்டை. இன்னொன்று, அதற்கும் சண்டை. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. முறைத் தண்ணீருக்கு மனுக் கொடுக்காதே, வழக்குப் போடாதே என்று இந்தக் கதையை வைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. உரிமையைக் கேட்கலாம். கேட்டுக்கொண்டே மண்வெட்டியையும் கீழே வைக்காமல் இருந்ததுதான் ஈசாக்கின் நம்பிக்கை.

பொறாமை வந்தால் கடவுளிடமே சொல்லுங்கள். தம்பி ஆபேலின் காணிக்கை ஏற்கப்பட்டது, அண்ணன் காயீனுடையது ஏற்கப்படவில்லை. அதற்குப் பிறகு கடவுள் போய்ப் பேசியது காயீனிடம். ஏன் முகம் வாடியிருக்கிறாய் என்று கேட்டார். அவன் பதில் சொன்னதாக எழுதவில்லை. யாக்கோபைக் கட்டிய அக்காள் தங்கையரில் மூத்தவள் லேயாள் சொன்னாள். தங்கை ராகேலுக்குக் கிடைத்த புருஷனின் அன்பு தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தை முதல் மூன்று பிள்ளைகளின் பெயரிலேயே வைத்தாள். நாலாவது பிள்ளை பிறந்தபோது புருஷன் பேச்சை எடுக்காமல், இப்போது கடவுளைத் துதிப்பேன் என்று யூதா எனப் பெயரிட்டாள். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. கொஞ்ச காலத்தில் தூதாயீம் என்ற கனிகளுக்காக அக்காளும் தங்கையும் மறுபடி பேரம் பேசினார்கள். இது திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்.

உங்களுடையதைக் கழற்றிக் கொடுங்கள். அரசன் சவுலின் மகன் யோனத்தான், அடுத்த அரசனாக வேண்டியவன். தன் இடத்துக்கு வரப்போகும் தாவீதுக்குத் தன் சால்வையைக் கழற்றிப் போட்டான். அப்பா தாவீதின் மேல் ஈட்டி எறிந்த வீட்டில்தான் இதுவும் நடந்தது.

அன்னாளைப் போல எழுந்து சாப்பிடுங்கள். சீலோவில் அவள் உதடு மட்டும் அசைய ஜெபித்ததைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆசாரியன் ஏலி. விளக்கிச் சொன்னாள், அவர் ஆசீர்வதித்தார். அவள் போய்ச் சாப்பிட்டாள், முகம் தெளிந்தது. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பெனின்னாள் திருந்தியதாகவும் எழுதவில்லை. வீட்டில் எதுவும் மாறாமலே பசி திரும்பியது. பிறகு சாமுவேல் பிறந்தான். பால் மறந்ததும் நேர்ந்துகொண்டபடி அவனை ஆலயத்தில் விட்டுவிட்டு வந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை போகும்போது ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போவாள். அளவு பார்க்கப் பிள்ளை கிட்டே இல்லை. கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம், எப்படித் தைத்திருப்பாள் என்று கேட்டேன். "கொஞ்சம் பெருசாத்தான் சார் தைப்பாங்க," என்றாள். "வளர்ற புள்ளதானே."