பட்டமின்றிப் பிரிந்தார்க்குக் கல்வி

கல்லூரியிற் புகுந்தார் யாவரும் பட்டம் பெற்றே மீள்வதில்லை. வறுமை, பிணி, தேர்வில் தவறுதல் என்னும் இவற்றுள் ஒன்றால் இடையில் நின்றாரைக் கல்வியே கைவிட்டதென உலகம் கருதும். அது பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

மேல்மலையனூர், செஞ்சி முதலிய ஊர்களிலிருந்து, நிலத்தை ஈடுவைத்துப் படிக்க வரும் மாணாக்கர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பட்டமின்றி ஊர் திரும்புவானை எதிர்ப்படுவோர் யாவரும், "இனி என்ன செய்வாய்?" என்றே வினவுவர். அதற்கு விடை காணும் நெறியைக் கணிதப் பேரறிஞர் சீனிவாச இராமாநுஜம் அவர்கள் வரலாறு காட்டும்.

1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்த அவர், கணிதம் ஒழிந்த பாடங்களைப் பேணாமையால் அதனை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப். ஏ. தேர்வில் தேறினாரல்லர். ஆயினும் தம் கணிதக் குறிப்பேடுகளைக் கைவிட்டிலர். 1910-ஆம் ஆண்டளவில் அவற்றுடன், நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த திருக்கோவலூருக்கு வந்தார். ஆங்கு டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். இராமாநுஜம் வேண்டியது ஒரு சிறு உத்தியோகமே. ஐயரோ, குறிப்பேடுகளை நோக்கி, இத்தகைய அறிவை ரெவினியூ இலாகாவின் கீழ்ப்படியில் அடக்கிவிட மனமின்றி, சென்னைக் கணித அறிஞர்க்குக் கடிதம் தந்து அனுப்பினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற் குமாஸ்தாவானார். 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி நல்கியது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டமளித்தது. 1918-இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

இதனால் நாம் அறிவன மூன்று. தேர்வு இல்லாதபோதும் மனம் எப்பாடத்தை நாடுகின்றதென ஆராய்தல் ஒன்று. அப்பாடம் வல்லாரிடம் நம் முயற்சியைக் காட்டி அவர் மதிப்பை அறிதல் மற்றொன்று. வயிற்றுக்குரிய தொழிலைக் கல்விக்குப் பகையாகக் கொள்ளாமை மூன்றாவது.

"எல்லாரும் இராமாநுஜம் ஆவரோ?" எனின், ஆகார். ஆதலின் பட்டம் வேண்டாததென்பது நம் கருத்தன்று. நின்ற காரணம் வேறாயின் செல்லும் வழியும் வேறாதல் வேண்டும். வறுமையால் நின்றவன் பாடத்தை மாற்ற வேண்டுவதில்லை; தொழில் செய்துகொண்டே பயில, 1985-இல் எழுந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் எழுந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள. மனம் ஒவ்வாத பாடத்தில் தவறியவன், அதனையே மீண்டும் பற்றாது வேறு பாடம் தேர்தல் நன்று. கைத்திறன் மிக்கவன் தொழிற்பயிற்சி நிலையம் புகுவதில் இழுக்கொன்றுமில்லை.

உறவினர் நாணுவரே என்று அஞ்சி, வந்த வழியிலேயே மீண்டும் செல்வதும், எவ்வழியும் செல்லாது திண்ணையில் அமர்வதும் ஒருங்கே தீது. கல்லூரி வாயில் அடைபட்டது கொண்டு கல்வி வாயிலும் அடைபட்டதென எண்ணாதிருப்போமாக.