நூலாம்படையை விட்டுவையுங்கள்

கொல்லையில் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். ஒரு பந்தலும் மூன்று கொடியும் இருந்தால் தேன்சிட்டு வந்துவிடும். அது அங்கேயே கூடு கட்டித் தங்குவதற்குத்தான் நம் பங்காகச் சில காரியங்கள் செய்ய வேண்டும். சிலவற்றைச் செய்யாமல் இருக்க வேண்டும்.

முதலில் இடம். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழ வேண்டும். சமையலறை ஜன்னலிலிருந்து தெரிந்தால் இன்னும் நல்லது. நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பு ஊன்றி, ஏழடி உயரத்தில் ஜி.ஐ. கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். நைலான் வலை வேண்டவே வேண்டாம். குருவியின் காலும் பாம்பின் உடலும் அதில் சிக்கிக்கொள்ளும்.

அடுத்து நடவு. ஆடிப்பட்டத்தில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஒன்றரை அடிக் குழியில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். ரங்கூன் மல்லிக்குப் பதியன் போட்ட கன்று நல்லது. மாலையில் வெள்ளையாக விரியும் அதன் பூ மறுநாள் ரோஜா நிறமாகி, பிறகு நன்றாகச் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். சங்குப்பூ விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். மூன்றாவது கோவைக்கொடி. காய்க்கிற கொடியிலிருந்தே தண்டு வெட்டி வையுங்கள், ஆண் கொடி காய்க்காது. பழம் சிவந்தால் கொண்டைக்குருவியும் கிளியும் தேடி வரும்.

இனி முக்கியமானது. பந்தலில் ஒட்டடை அடிக்காதீர்கள். தேன்சிட்டுக்கு நூலாம்படைதான் கயிறு. எங்கள் பந்தலில் கட்டைவிரல் அளவுள்ள பெண் சிட்டு ஒன்று கூடு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அலகில் நூலாம்படையைச் சுருட்டி வந்து, தொங்கும் குச்சியின் நுனியில் சுற்றிச் சுற்றி ஒட்டும். அதில் சருகுத் துண்டு, மரப்பட்டைத் துகள், புழுவின் எச்சம் எல்லாம் வந்து சேரும். ஒரு பையாகத் தொங்கும் கூட்டுக்குப் பக்கவாட்டில் வாசல். வாசலுக்கு மேலே சின்னத் திண்ணைக்கூரை போல ஒரு நீட்டல். உள்ளே பஞ்சு மெத்தை. தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும்.

ரங்கூன் மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும், அதனால் பூ ஓய்ந்ததும் கவாத்து செய்ய வேண்டும். ஒரு தடவை குப்பை என்று நினைத்து ஒரு கிளையை வெட்டிவிட்டேன். கீழே விழுந்த கூட்டில் இரண்டு முட்டைகள் உடைந்து கிடந்தன. இன்றும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு கிளையையும் கையால் விலக்கிப் பார்த்த பிறகே கத்தரி வையுங்கள்.

பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். தேன் குடிக்கும் சிட்டும் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையும்தான் ஊட்டும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

தண்ணீருக்கு அகலமான மண் தட்டு. இரண்டு அங்குல ஆழம் போதும், நடுவில் ஒரு கல். பூனை பதுங்கும் புதரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள்.

சிட்டைப் பார்க்கக் காலை ஆறரை மணிக்கு அசையாமல் உட்காருங்கள். கூட்டுக்குப் பத்தடிக்குள் போகாதீர்கள். குஞ்சுகள் பறந்த பிறகும் கூட்டை எடுக்க வேண்டாம். சில சமயம் அதே கூட்டுக்கே சிட்டு திரும்பி வரும்.