சேமிப்புப் பெட்டி: வாங்குவதா, நாமே பூட்டுவதா?

நம்மவர்களின் கடைகளில் கடன் கொப்பியின் இடத்தைக் கணனி பிடித்துப் பல வருடங்களாகிவிட்டன. கொள்வனவு, விற்பனை, கையிருப்பு, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதெல்லாம் இன்று காசு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் கணனிக்குள்தான் கிடக்கிறது. கொப்பியை இரவில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நாம், கணனிக்குள் சுற்றிக் கொண்டிருக்கும் ஹாட் டிஸ்க்கைப் பற்றி யோசிப்பதே இல்லை.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவரின் கணனி ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. டிஸ்க் பழுது. மூன்று மாதக் கடன் விற்பனைக் கணக்கு அதற்குள்ளேதான் இருந்தது. நல்ல வாடிக்கையாளர்கள் தாங்களாகவே வந்து தமது பாக்கியைச் சொல்லிக் கட்டினார்கள். வேறு சிலரோ, "பில்லைக் காட்டுங்கள், தருகிறோம்" என்றார்கள். காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. அவர் இழந்த தொகைக்குப் பல சேமிப்புப் பெட்டிகள் வாங்கியிருக்கலாம்.

சேமிப்புப் பெட்டி என்று நான் சொல்வது, ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து "நாஸ்" என்று அழைக்கப்படும் சாதனத்தை. ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஹாட் டிஸ்க்குகளைக் கொண்ட ஒரு சிறிய கணனி என்று அதை விளங்கிக் கொள்ளலாம். அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. வீட்டு இன்டர்நெட் ரவுட்டரில் ஒரு வயரால் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கணனிகளும் தொலைபேசிகளும் அதில் கோப்புகளை வைக்கவும் எடுக்கவும் முடியும். கடையில் இருந்து இரவு கொண்டுவரும் லெப்டொப், வீட்டு வைபையில் சேர்ந்தவுடன் அன்றைய கணக்கைத் தானாகவே அந்தப் பெட்டிக்கு அனுப்பும்படி செய்து வைக்கலாம். பெட்டி வீட்டில் இருப்பதால், கடையில் தீயோ திருட்டோ நடந்தாலும் கணக்கு தப்பும்.

இதைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. சினோலஜி, கியூநெப் போன்ற தாய்வான் கம்பனிகளின் தயார் பெட்டியை வாங்குவது ஒன்று. ஒரு சாதாரண கணனியில் டிஸ்க்குகளைப் பூட்டி, அதற்கென உள்ள இலவச சொப்ட்வெயாரைப் போட்டு நாமே செய்து கொள்வது மற்றது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியதால், புதிய விண்டோஸ் ஏறாத பழைய கணனிகள் பல கடைகளில் மூலையில் கிடக்கின்றன. "நானா, அதையே சேமிப்புப் பெட்டியாக மாற்றித் தருகிறேன், செலவே இல்லை" என்று கணனி படித்த தம்பிமார் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு.

தயார் பெட்டியின் சாதகமும் பாதகமும்

தயார் பெட்டியின் பெரிய சாதகம் இலகு. டிஸ்க்குகளைச் செருகி, மின்சாரத்தையும் ரவுட்டர் வயரையும் கொடுத்துவிட்டு, கணனியில் வரும் கேள்விகளுக்கு விடை கொடுத்தால் வேலை முடிந்துவிடும். சொப்ட்வெயாரைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கம்பனி பார்க்கிறது. பெட்டிக்கு உத்தரவாதம் உண்டு. ஏதேனும் பிழைத்தால் கேட்பதற்கு விற்ற கடை இருக்கிறது.

பாதகம், நாம் கம்பனியின் கைக்குள் இருக்கிறோம் என்பது. சினோலஜி கம்பனி 2025இல் வெளியிட்ட சில மாடல்களில், தான் அங்கீகரித்த டிஸ்க்குகளை மாத்திரமே போட முடியும் என்று கட்டுப்பாடு வைத்தது. பாவனையாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின்னர் அதே வருடம் ஒக்டோபரில்தான் அதைத் தளர்த்தியது. அத்துடன், கம்பனி ஒரு மாடலைக் கைவிட்டால் நாமும் கைவிடப்படுவோம். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியின் மை புக் லைவ் என்ற பெட்டிக்கு 2015க்குப் பிறகு சொப்ட்வெயார் திருத்தங்கள் வரவில்லை. 2021 ஜூனில் இன்டர்நெட் வழியாக யாரோ உள்ளே புகுந்து, உலகெங்கும் பலருடைய பெட்டிகளை ஒரே வீச்சில் வெறுமையாக்கினார்கள். பெட்டிகள் பழுதாகவில்லை, உள்ளே இருந்தவைதான் போயின. ஆகவே வாங்கும்போது விலையை மாத்திரம் கேட்காமல், "இந்த மாடல் எந்த வருடம் வந்தது, இன்னும் எவ்வளவு காலம் திருத்தம் வரும்?" என்றும் கேளுங்கள்.

நாமே செய்வதன் சாதகமும் பாதகமும்

நாமே செய்வதற்கு ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச சொப்ட்வெயார்கள் நன்கு அறியப்பட்டவை. முன்னையது 2005இல் ஃப்ரீநாஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இவை பெரிய நிறுவனங்களின் சேர்வர்களில் உள்ள வசதிகளை நமது பழைய கணனிக்குக் கொண்டு வருகின்றன. மதர்போர்ட் எரிந்தால் அதை மாற்றலாம், பவர் சப்ளை போனால் எந்தக் கணனிக் கடையிலும் வாங்கலாம். எல்லாவற்றையும் விட, ட்ரூநாஸில் உள்ள டிஸ்க்குகளைக் கழற்றி அதே சொப்ட்வெயார் உள்ள வேறொரு கணனியில் பூட்டினால் கோப்புகளை வாசிக்க முடியும். ஒரு கம்பனியின் மாடலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் "செலவே இல்லை" என்ற கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ட்ரூநாஸுக்குக் குறைந்தது 8 ஜிகாபைட் ரெம் தேவை. பழைய கணனியில் 4தான் இருக்கும் என்றால் அது ஒரு செலவு. சொப்ட்வெயாரை வைப்பதற்குத் தனியாக ஒரு சிறிய டிஸ்க் வேண்டும், அது இன்னொரு செலவு. சேமிப்பு டிஸ்க்குகள் இரண்டையும் எந்த வழியில் போனாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பல வேளைகளில் பெட்டியின் விலையை விட டிஸ்க்குகளின் விலைதான் கூட. எனவே மிச்சமாவது நாம் நினைக்கும் அளவு பெரிதல்ல.

அடுத்தது மின்சாரம். இந்தப் பெட்டி இரவு பகலாக ஓடும். இரண்டு டிஸ்க் தயார் பெட்டி சுமார் 20 வொட் எடுக்கிறது என்று வைத்தால், 30 நாட்களுக்கு 14.4 யுனிட். பழைய மேசைக் கணனி 60 வொட் எடுத்தால் 43.2 யுனிட். மாதத்துக்கு ஏறத்தாழ 29 யுனிட், வருடத்துக்கு 345 யுனிட் வித்தியாசம். உங்கள் பில்லில் கடைசி யுனிட்டுக்கு என்ன கட்டணமோ அதனால் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் பாருங்கள். வீட்டு பில் ஒரு படி மேலே ஏறினால் தொகை இன்னும் கூடும்.

இரண்டுக்கும் பொதுவானவை

எந்த வழியில் போனாலும் நான்கு விடயங்களை மறக்க வேண்டாம்.

முதலாவது, டிஸ்க். சேமிப்புப் பெட்டிக்கென்று தயாரிக்கப்பட்ட டிஸ்க்கை, சீ.எம்.ஆர். வகையா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.எம்.ஆர். என்ற மற்ற வகையில் எழுதும் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக அதைப் போட்டு மீள நிரப்பும்போது மிகவும் மந்தமாகும், சில வேளை இடையில் நின்றும் போகும். பெட்டிகளுக்கென விற்ற டிஸ்க்குகள் சிலவற்றிலும் இந்த வகை இருந்ததை 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக் கொண்டது. ஆகவே பெயரை மாத்திரம் நம்பாமல் மாடல் இலக்கத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நமது நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வரை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் நின்றது. எழுதிக் கொண்டிருக்கும் டிஸ்க்குக்குத் திடீர் மின்தடை நல்லதல்ல. ஒரு யூ.பி.எஸ். கட்டாயம். அதில் இருந்து யூ.எஸ்.பி. வயர் ஒன்றைப் பெட்டிக்குக் கொடுக்கும் வசதி இருந்தால், பெட்டரி முடியுமுன் பெட்டி தானாகவே ஒழுங்காக நின்றுவிடும்.

மூன்றாவது, இன்டர்நெட். கைத்தொலைபேசியில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்ற ஆசையில் ரவுட்டரில் வாசலைத் திறந்து விடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கூட்டம், இன்டர்நெட்டுக்கு நேரடியாகத் திறந்திருந்த கியூநெப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டி வைத்துக் கப்பம் கேட்டது. நாமே செய்த பெட்டிக்கும் இதே ஆபத்து உண்டு.

நான்காவது, அதிகமானோர் பிழையாக விளங்கிக் கொண்டிருக்கும் ஒன்று. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே விடயத்தை எழுதும் முறையை ரெய்ட் 1 என்பார்கள். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் கிடைப்பது 4 டெராபைட் இடம்தான். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது கைகொடுக்கும். ஆனால் வேலைக்கு நிற்கும் பையன் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். வைரஸ் பூட்டினாலும் இரண்டிலும் பூட்டும். ஆகவே பெட்டிக்கு வெளியே இன்னொரு பிரதி இருந்தேயாக வேண்டும். கடைக் கணனியில் ஒன்று, வீட்டுப் பெட்டியில் ஒன்று, கழற்றி வேறிடத்தில் வைக்கும் டிஸ்க்கில் ஒன்று என மூன்று இருப்பதுதான் முறை. அந்த மூன்றாவதை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்தால் மிக நல்லது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோளில் கல்முனை, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் வீடும் கடையும் ஒரே காலையில் போனதை நாம் மறந்துவிடவில்லை.

இன்னுமொரு சிறு குறிப்பு. கணக்கு சொப்ட்வெயார் திறந்திருக்கும்போது அதன் கோப்பை அப்படியே பிரதி எடுத்தால் அரைகுறையாக வரலாம். சொப்ட்வெயாரிலேயே உள்ள "பெக்கப்" கட்டளையைக் கொடுத்து, அது தரும் கோப்பைப் பெட்டிக்கு அனுப்புங்கள்.

தீர்மானிப்பது எப்படி?

எனக்குத் தெரிந்த இன்னொரு கடையில், முதலாளியின் மருமகன் மிக நேர்த்தியாக ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் கட்டாரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒரு நாள் பெட்டி, ஒரு டிஸ்க் பழுது என்று எச்சரிக்கை அனுப்பியது. அது போனது மருமகனின் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு. கடையில் யாருக்கும் தெரியாது, பாஸ்வேர்டும் யாரிடமும் இல்லை. இரண்டாவது டிஸ்க்கும் போன பிறகுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. இது அந்தப் பிள்ளையின் குறையல்ல. அவர் செய்த பெட்டி நல்ல பெட்டிதான். அதைப் பார்த்துக் கொள்ள அவருக்குப் பின் ஆள் இருக்கவில்லை.

எனவே எனது அபிப்பிராயம் இதுதான். விலைப்பட்டியல் இரண்டையும் பக்கத்தில் வைப்பதற்கு முன்னர் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது பழுதாகும் நாளில் நமது வீட்டில் அல்லது கடையில் இருக்கப்போவது யார்? நீங்களே கணனியைத் திறந்து மூடத் தெரிந்தவராக, அதில் விருப்பமும் உள்ளவராக இருந்தால் நீங்களே செய்யுங்கள். மாதத்தில் ஓரிரு மணித்தியாலம் அதற்கு ஒதுக்க வேண்டி வரும், பதிலுக்குப் பெட்டி உங்கள் கைக்குள் இருக்கும். வெளிநாடு போக நிற்கும் பிள்ளையையோ, அழைத்தால் இரண்டு நாள் கழித்து வரும் தொழில்நுட்பவியலாளரையோ நம்பி இருப்பவர் என்றால், இரண்டு டிஸ்க் போடும் தயார் பெட்டியை உள்நாட்டு உத்தரவாதத்துடன் வாங்குங்கள். நமது வியாபாரிகளில் பெரும்பாலானோருக்கு இதுவே பொருந்தும் என நினைக்கிறேன். கூடக் கொடுக்கும் பணம், நமக்குத் தெரியாத வேலையை இன்னொருவர் பார்ப்பதற்கான கூலி.

நான் தயார் பெட்டியைத்தான் வைத்திருக்கிறேன். அதன் பாஸ்வேர்டும், டிஸ்க் மாற்றும் முறையும், மூன்றாவது பிரதி இருக்கும் இடமும் ஒரு தாளில் எழுதப்பட்டு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அது அங்கே இருப்பது வீட்டாருக்கும் தெரியும். எச்சரிக்கை மின்னஞ்சல் எனக்கும் மகனுக்குமாக இரண்டு முகவரிகளுக்கு வருகிறது. நாளை நமக்கொன்று நடந்தால், யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பதை வாரிசுகள் அந்தப் பெட்டியில் இருந்துதான் எடுக்கப் போகிறார்கள்.

பெட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை, போன மாதத்துக் கோப்பு ஒன்றை அதில் இருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். வருடத்தில் ஒரு முறை முழுக் கணக்கையும் வேறொரு கணனியில் ஏற்றி, கடன் பட்டியல் சரியாக வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் நீங்கள் எந்தப் பெட்டியை வைத்திருந்தாலும் சரியானதைத்தான் வைத்திருக்கிறீர்கள். இன்னும் ஒன்றும் இல்லாதவர்கள், பெட்டி வாங்கும் வரை காத்திருக்காமல், இன்று இரவே ஒரு யூ.எஸ்.பி. டிஸ்க்கில் கணக்கைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள்.